பணம் அனுப்பலாம், சாணம் அனுப்ப முடியுமா?

வலியசாலைத் தமிழர்களின் ஊர் நிலத்துக்கு ஒரு யோசனை

திருவனந்தபுரம்: ஐப்பசி மாதம் துலாவர்ஷம் தொடங்கிவிட்டால் வலியசாலைக்கும் சாலைக் கம்போளத்துக்கும் இடையில் வேலை செய்யும் தமிழர்கள் பலருக்கு ஊரிலிருந்து போன் வரும். சரக்கு இறக்கும் தொழிலாளி, பலசரக்குக் கடைக் கணக்கர், ஹோட்டல் சிப்பந்தி, ஆபீஸ் குமாஸ்தா என்று யாராக இருந்தாலும் பேச்சு ஒன்றுதான்.

"அண்ணே, மழை நல்லாப் பேஞ்சிட்டு. ரெண்டு மூட்டை உப்பு போடணும். பணம் போட்டு விடுங்க."

உப்பு என்றால் யூரியா. இங்கிருந்து பணம் போகும். அங்கே மூட்டை வாங்கிப் போடுவார்கள். பிறகு மழை தொடர்ந்தால் விளைச்சல் உண்டு. பதினைந்து நாள் மழை தவறினால் பயிர் வாடும். அனுப்பிய பணமும் அதோடு போகும். மறு வருஷம் தை மாதம் ஊருக்குப் போகிறவரிடம், "மண்ணுல முன்ன மாதிரி சத்து இல்ல" என்று சொல்வார்கள்.

மண்ணில் சத்து இல்லை என்பது உண்மைதான். ஆனால் அது எந்தச் சத்து, மூட்டையில் வருவதா என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

பச்சையிலிருந்து கரிசலுக்கு

வலியசாலை பழமையான இடம். ராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் காந்தளூர்ச் சாலை இந்த மகாதேவர் கோயிலைச் சார்ந்ததே என்று வரலாற்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். கோயிலைச் சுற்றி அக்கிரகாரத் தெருக்கள் இன்றும் இருக்கின்றன. பக்கத்திலேயே திவான் ராஜா கேசவதாஸ் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கிய சாலைக் கடைத்தெரு. தமிழ் பேசாமல் ஒரு நாள் வியாபாரம் நடக்காத தெரு அது.

இங்கு வந்தவர்களில் தென்காசி, தாமிரபரணிப் பாசனத்து ஆட்களும் உண்டு. ஆனால் கணிசமானவர்கள் ராதாபுரம், நாங்குநேரி, கோவில்பட்டி, விளாத்திகுளம், சாத்தூர் போன்ற வானம் பார்த்த பூமியிலிருந்து வந்தவர்கள். இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் என்று ஊரில் நிலம் இருக்கும். கிணறு இருக்காது, அல்லது வற்றியிருக்கும். அந்த நிலம் வயிற்றுக்குப் போதவில்லை என்றுதான் வண்டி ஏறினார்கள்.

1979-ம் ஆண்டில் திருவனந்தபுரம்–கன்னியாகுமரி ரயில் பாதையும், 1981-ல் நாகர்கோவில்–திருநெல்வேலி பாதையும் திறக்கப்பட்டன. அந்தப் பாதையில் பகலில் பிரயாணம் செய்தால் விஷயம் கண்ணுக்கே தெரியும். நாகர்கோவில் வரை தென்னையும் வாழையும். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டியதும் காற்று இருக்கும், பச்சை குறைந்துவிடும். வள்ளியூர், நாங்குநேரியில் செம்மண். திருநெல்வேலியைக் கடந்து கோவில்பட்டியை நெருங்கினால் கரிசல். திருவனந்தபுரத்தில் ஆண்டுக்குச் சுமார் 1,800 மில்லி மீட்டர் மழை பெய்கிறது. கோவில்பட்டியில் 700 மில்லி மீட்டரைச் சுற்றித்தான். அதிலும் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில், சில வாரங்களுக்குள் பெய்து முடிந்துவிடும்.

மூட்டைக் கணக்கு

கணக்கு எழுதுகிறவர்கள் நிறைந்த இடம் இது. ஆகவே கணக்கிலிருந்தே தொடங்கலாம்.

மானாவாரி நிலத்துக்கு ஹெக்டேருக்கு 12.5 டன் தொழு உரம் இடும்படி வேளாண்மைத் துறையினர் சொல்வார்கள். ஏக்கருக்கு 5 டன். நல்ல தொழு உரத்தில் அரை சதவீதம் தழைச்சத்து இருக்கும். அப்படியானால் 5 டன்னில் 25 கிலோ. யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம். இப்போதைய 45 கிலோ மூட்டை ஒன்றில் ஏறக்குறைய 20.7 கிலோ. ஆக 5 டன் எருவும் ஒன்றேகால் மூட்டை யூரியாவும் தழைச்சத்தில் சமம். போதாததற்கு, எருவில் உள்ள தழைச்சத்தில் 30 சதவீதத்துக்கும் குறைவாகவே முதல் பயிருக்குக் கிடைக்கும்.

இந்தக் கணக்கைப் பார்த்தால் யாரும் மூட்டையைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். சுமக்க எளிது, விலையும் மானியத்தால் குறைவு. எருவில் மணிச்சத்து, சாம்பல்சத்து, துத்தநாகம், இரும்பு எல்லாம் சேர்ந்து வருகின்றன என்றாலும், அவற்றுக்கும் மூட்டை உண்டு என்று ஒருவர் வாதிடலாம்.

ஆனால் கணக்கில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. அது தண்ணீர்.

வாய்க்கால் பாசனத்தில் எரு பயிருக்கு உணவு. மானாவாரியில் அது முதலில் தண்ணீர்ப் பானை. மட்கிய எரு மண் துகள்களைச் சேர்த்துப் பிடிக்கிறது. இடையில் நுண்ணிய துவாரங்கள் ஏற்படுகின்றன. கொட்டும் மழை மேலே ஓடிவிடாமல் உள்ளே இறங்குகிறது. இறங்கிய ஈரம் கூடுதல் நாள் தங்குகிறது. எரு காணாத செம்மண்ணில் மழைக்குப் பின் மேல்மண் ஓடு போல இறுகி, அடுத்த மழையை உள்ளே விடாது. எரு காணாத கரிசல் சீக்கிரம் வெடித்து, வெடிப்பின் வழியாக ஈரத்தை இழக்கும்.

மானாவாரிப் பயிர் பெரும்பாலும் சத்துக் குறைந்து சாவதில்லை. இரண்டு மழைக்கு நடுவே உள்ள இடைவெளியில் சாகிறது. அந்த இடைவெளியில் நாலைந்து நாள் கூடுதலாகத் தாங்கினால் பயிர் பிழைக்கும். அந்த நாலைந்து நாளை எந்த மூட்டையும் தராது. ஈரமில்லாத மண்ணில் மேலாகத் தூவிய யூரியாவில் ஒரு பகுதி அம்மோனியா வாயுவாகக் காற்றில் போய்விடும் என்பதும் கவனிக்க வேண்டியது.

கோவில்பட்டி சொல்வது

இது பாட்டன் காலத்துப் பேச்சு மட்டும் அல்ல. கோவில்பட்டியில் 1901-ம் ஆண்டு முதல் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் ஒன்று இயங்கிவருகிறது. அங்கே மானாவாரிக் கரிசலில் 1982-ல் ஒரு நிரந்தர உரப் பரிசோதனை தொடங்கப்பட்டது. அதே நிலத்தில் வருஷா வருஷம் ஒரு பாத்திக்கு ரசாயன உரம் மட்டும், ஒன்றுக்குத் தொழு உரம் மட்டும், ஒன்றுக்கு இரண்டும் கலந்து, ஒன்றுக்கு எதுவும் இல்லை என்று சோளமும் கம்பும் பயிரிட்டுப் பார்த்தார்கள். நல்ல மழை ஆண்டு, வறட்சி ஆண்டு இரண்டையும் சேர்த்துப் பார்த்ததில் சிறந்து நின்ற முறைகளில் ஒன்று இது: ஹெக்டேருக்கு 20 கிலோ தழைச்சத்தை யூரியாவாகவும், இன்னொரு 20 கிலோவைத் தொழு உரமாகவும் இட்டு, மணிச்சத்தும் சேர்ப்பது.

இதை ஏக்கர் கணக்கில் மாற்றினால் யூரியா 17 அல்லது 18 கிலோ. தொழு உரம் சுமார் 1,600 கிலோ. ஏக்கருக்கு 5 டன் என்றதும் மலைத்துப் போகிறவர்களுக்கு இந்த அளவு ஆறுதல் தரும். இரண்டு மூட்டை யூரியாவுக்குப் பணம் அனுப்புகிறவர் அரை மூட்டைக்கும் குறைவாக வாங்கி, மிச்சப் பணத்தை எருவுக்குச் செலவிடலாம் என்று அர்த்தம்.

கோயமுத்தூரில் உள்ள வேளாண்மைப் பல்கலைக்கழக நிலத்தில் இதே மாதிரியான பரிசோதனை 1909-ல் தொடங்கியது. நூறு ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. எதுவும் இடாத பாத்தியில் விளைச்சல் சுருங்கிப்போனது. தொழு உரம் பெற்ற பாத்தியில் மண்ணின் அங்ககக் கரிமம் உயர்ந்து நிற்கிறது.

இங்கிலாந்தில் ரோதாம்ஸ்டட் என்ற இடத்தில் இதைவிட வியப்பான சான்று உண்டு. அங்கே ஒரு பார்லி வயலின் ஒரு பகுதிக்கு 1852 முதல் 1871 வரை தொழு உரம் இட்டார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள். நூறு வருஷத்துக்குப் பின்னும் அந்தப் பகுதி, பக்கத்தில் எரு காணாத பகுதியைவிட வளமாகவே இருந்தது. குளிர் தேசத்தில் எரு மெதுவாகக் கரையும். நம் வெயிலில் அத்தனை காலம் தங்காது. ஆகவேதான் நம் ஊரில் ஒரு தடவை போட்டுவிட்டு மறந்துவிட முடியாது.

எரு எங்கே போயிற்று?

முன்பு ஒவ்வொரு வீட்டிலும் உழவு மாடு இருந்தது. தொழுவத்தைக் கூட்டி அள்ளினால் குப்பைக்கிடங்கு நிறையும். ஆவணியில் வண்டி கட்டிக் குப்பை அடிப்பார்கள். டிராக்டர் வந்தது, உழவு மாடு போயிற்று. மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்த பையன் திருவனந்தபுரத்துக்கும் திருப்பூருக்கும் வண்டி ஏறினான். கம்பும் சோளமும் விளைந்த இடத்தில் மக்காச்சோளம் வந்தது. அது மண்ணிடம் அதிகம் கேட்கும் பயிர்.

அதே சமயம், தெற்கத்தி நிலங்களில் விளைந்த வத்தல், மல்லி, உளுந்து, காய்கறி எல்லாம் லாரியில் ஏறிச் சாலைக் கம்போளத்துக்கு வருகின்றன. லாரியில் வருவது சரக்கு மட்டும் அல்ல. மண்ணிலிருந்து பயிர் எடுத்த சத்தும் கூடவே வருகிறது. தின்றது போக மிச்சம் நகரத்துக் குப்பையாகிறது. விளப்பில்சாலையில் 2000-ல் தொடங்கிய குப்பைப் பதனிடும் நிலையம் மக்கள் எதிர்ப்பால் 2011 இறுதியில் பூட்டப்பட்ட பிறகு, திருவனந்தபுரம் நகரசபை வீட்டுக் குழாய்க் கம்போஸ்டையும், தும்பூர்முழி முறைத் தொட்டிகளையும் பரப்பியது. அந்த உரம் இங்குள்ள மாடித்தோட்டத்துக்கும் வாழைக்கும் போகிறது. கரிசலுக்குத் திரும்பிப் போவதில்லை.

ஆளும் போனான், மாடும் போயிற்று, சத்தும் போயிற்று. மூன்றுக்கும் பதிலாகத் திரும்பி வருவது பணம் ஒன்றுதான். பணத்தை நொடியில் அனுப்பலாம். சாணத்தை அனுப்ப முடியாது. ஆனால் அந்தப் பணத்தை எதற்கு, எந்த மாதத்தில் அனுப்புவது என்பது அனுப்புகிறவர் கையில் இருக்கிறது.

மூன்று லீவு, மூன்று வேலை

இங்குள்ளவர்கள் ஊருக்குப் போவது பொங்கல், சித்திரை, ஓணம் ஆகிய சமயங்களில். அதிர்ஷ்டவசமாக, கரிசல் காட்டு எருவுக்கும் இந்த மூன்று சமயங்களே பொருத்தமானவை.

பொங்கல்: அறுப்பு முடியும் நேரம். தட்டை, பொட்டு, உளுந்துச் செடி எல்லாம் கிடைக்கும். இந்த லீவில் செய்ய வேண்டியது குப்பைக்குழி. இருபது அடி நீளம், ஐந்து அடி அகலம், மூன்று அடி ஆழம். குப்பையை மேட்டில் குவித்து வெயிலிலும் மழையிலும் விட்டால் சத்தில் பெரும்பங்கு வீணாகும். குழியில் ஒரு முனையிலிருந்து சாணமும் தொழுவக் கூளமும் நிரப்பிக்கொண்டே வந்து, தரைக்கு மேல் ஒன்றரை அடி உயர்ந்ததும் சாணிப்பால் கலந்த மண்ணால் மெழுகிவிட வேண்டும். நாலைந்து மாதத்தில் மட்கிவிடும். மாட்டு மூத்திரத்தை வீணாக்கக் கூடாது. தொழுவில் கூளத்தைப் பரப்பினால் அது உறிஞ்சிக்கொள்ளும். அந்தக் கூளத்தைக் குழியில் போட வேண்டும். மாடு இல்லாத வீட்டார் பக்கத்து வீட்டுச் சாணத்துக்கு இப்போதே விலை பேசிவிடுவது நல்லது. புரட்டாசியில் தேடினால் கிடைக்காது.

சித்திரை: நிலம் சும்மா கிடக்கும் காலம். ஆட்டுக்கிடை போடுவதற்கு இதுதான் சமயம். ஆடுகளை இரவில் நிலத்திலேயே அடைத்தால் புழுக்கையும் மூத்திரமும் நேராக மண்ணில் சேரும். வண்டிச் செலவு இல்லை. உலர்ந்த ஆட்டு எருவில் தழைச்சத்து சுமார் 3 சதவீதம். தொழு உரத்தைப் போலப் பல மடங்கு. "ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம்" என்ற பழமொழி சரியான கணிப்புத்தான். ஆட்டு எரு விரைவில் பலன் தரும். கிடை எழுந்ததும் லேசாக உழுதுவிட வேண்டும். வெயிலில் காயவிட்டால் தழைச்சத்து பறந்துவிடும். கோடை உழவும் அதோடு முடிந்துவிடும்.

செம்மண், மணற்பாங்கான செவல் நிலக்காரர்கள் இந்தச் சமயத்தில் குளத்துக் கரம்பையையும் நினைவில் கொள்ள வேண்டும். குளத்தில் படியும் வண்டல், ஊர் முழுவதிலிருந்தும் மழை அடித்துக்கொண்டு வந்த மேல்மண்தான். 2017 முதல் விவசாயிகள் இதை இலவசமாக எடுத்துக்கொள்ளத் தமிழ்நாடு அரசு அனுமதிக்கிறது. புஞ்சைக்கு ஏக்கருக்கு 90 கன மீட்டர் வரை என்று அளவு வைத்தார்கள். 2024-ல் வட்டாட்சியரே அனுமதி தரும்படி நடைமுறை எளிதாக்கப்பட்டது. லாரி, ஜே.சி.பி. கூலிக்குத்தான் பணம் வேண்டும். அனுப்புகிற பணத்துக்கு இது நல்ல செலவு.

ஓணம்: ஆவணியில் வருகிறது. கரிசலில் புரட்டாசி விதைப்புக்கு முந்திய மாதம். குழியில் மட்கிய குப்பையை அடிக்க இதுதான் தருணம். சிறு சிறு குவியலாக நிலத்தில் கொட்டிவிட்டு மழை வரட்டும் என்று வாரக்கணக்கில் விட்டுவிடுவது பலரும் செய்யும் தவறு. கொட்டிய அன்றோ மறுநாளோ சிதறி உழுதுவிட வேண்டும்.

குப்பை மிகவும் குறைவு என்றால் ஊட்டமேற்றிய தொழு உரம் கைகொடுக்கும். ஏக்கருக்கு 300 கிலோ பொடித்த தொழு உரம், 50 கிலோ சூப்பர் பாஸ்பேட். இரண்டையும் கலந்து, பிடித்தால் உருண்டை பிடிக்கும் அளவுக்கு ஈரமாக்கி, நிழலில் குவித்து, மண்ணால் மூடி 30 நாள் வைக்க வேண்டும். பிறகு விதைப்பின்போது இடலாம். சூப்பர் பாஸ்பேட்டைத் தனியாக இட்டால் மண் அதைப் பிடித்துக்கொள்ளும். எருவோடு கலந்தால் பயிருக்குக் கூடுதலாகக் கிடைக்கும். ஓணத்துக்கு ஒரு மாதம் முன்பே போனில் சொல்லி இதைக் கலக்கச் செய்துவிடலாம்.

நிலம் முழுவதற்கும் ஒரே ஆண்டில் எரு போடப் பணமோ குப்பையோ போதாது. மூன்று ஏக்கர்க்காரர் வருஷத்துக்கு ஒரு ஏக்கர் என்று முறை வைத்துக்கொள்ளலாம். வரப்பில் கிளைரிசிடியா நட்டால், இங்கே சீமைக்கொன்னை என்று வேலியில் பார்க்கிறோமே அதுதான், ஆண்டுதோறும் தழை கிடைக்கும். கொழுஞ்சி விதையை ஒரு தடவை தூவினால் மானாவாரியிலும் தானே முளைக்கும். சோளம், கம்பு, பருத்திக்கு நடுவே ஊடுபயிராக உளுந்தோ பாசியோ போடுவதும் மண்ணுக்கு நல்லது.

எச்சரிக்கை இரண்டு

முதலாவது, மட்காத குப்பை. பச்சைச் சாணத்தையும் கூளத்தையும் மானாவாரியில் போட்டால் கரையான் சேரும். களை விதையும் வரும். மட்கியதா என்று கையில் எடுத்துப் பார்த்தாலே தெரியும். நாற்றம் இல்லாமல், கறுத்து, பொலபொலவென்று இருக்க வேண்டும்.

இரண்டாவது, தென்னை நார்க்கழிவு. கயிற்று ஆலைப் பக்கம் மலைபோலக் கிடப்பதைப் பார்த்து, இதையே வாங்கி அனுப்பலாமே என்று இங்குள்ளவர்களுக்குத் தோன்றுவது இயற்கை. தன் எடையைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் நீரைப் பிடிக்கும் சரக்கு அது. ஆனால் அப்படியே போட்டால் தீமை. அதில் கரிமம் மிக அதிகம், தழைச்சத்து மிகக் குறைவு. மட்குவதற்காக மண்ணில் உள்ள தழைச்சத்தையே தின்னும். ஒரு டன் நார்க்கழிவுக்கு 5 புட்டி சிப்பிக்காளான் வித்து, 5 கிலோ யூரியா என்று அடுக்கடுக்காகப் போட்டு, நிழலில் ஈரம் காயாமல் வைத்தால் இரண்டு மாதத்தில் கறுத்து மட்கும். ஆலப்புழை கலவூரில் உள்ள கயிறு வாரிய ஆராய்ச்சி நிலையம் இதற்கென்றே 'பித்பிளஸ்' என்ற காளான் வித்தைத் தயாரித்திருக்கிறது. மட்கிய நார்க்கழிவு மானாவாரிக்கு அருமையான எரு.

குத்தகைச் சிக்கல்

இவை அனைத்தையும்விடப் பெரிய தடை ஒன்று உண்டு. இங்கு இருப்பவர்கள் பலரும் நிலத்தை வாய்ப் பேச்சில் வருஷக் குத்தகைக்கோ வாரத்துக்கோ விட்டிருக்கிறார்கள். அடுத்த வருஷம் நிலம் தன் கையில் இருக்குமா என்று தெரியாதவர் மூன்று வருஷம் பலன் தரும் எருவை ஏன் போடுவார்? அவர் யூரியாதான் போடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த ஒரு வருஷத்தில் கிடைப்பதை எடுத்துக்கொள்வது அவர் நியாயம். மண் தேய்வது நிலக்காரரின் நஷ்டம்.

பரிகாரம் கடினமானது அல்ல. மூன்று வருஷம் நிலம் அவரிடமே இருக்கும் என்று பேசி முடிக்கலாம். அல்லது எருச் செலவை நிலக்காரரே ஏற்று, உழவும் விதையும் அவருடையது என்று வைத்துக்கொள்ளலாம். தம்பியோ மைத்துனரோ பயிர் செய்தாலும் இந்தப் பேச்சு அவசியம்.

பலன் தெரிகிறதா என்று பார்க்கவும் வழி உண்டு. 2015-ல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில் மண் பரிசோதனை செய்து மண்வள அட்டை தருகிறார்கள். அதில் அங்ககக் கரிமம் என்ற வரியைப் பார்க்க வேண்டும். 0.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் குறைவு, 0.75-க்கு மேல் என்றால் நல்லது. நம் மானாவாரி நிலங்களில் பெரும்பாலும் குறைவு என்றே வரும். அது ஒரே வருஷத்தில் ஏறாது. ஆனால் மூன்று, நான்கு வருஷம் கழித்து மறுபடி பார்க்கும்போது இறங்காமல் நின்றாலே, போட்ட எரு வேலை செய்கிறது என்று பொருள்.

உழுவதைவிட எரு இடுவது நல்லது, நீர் பாய்ச்சுவதைவிடக் காப்பது நல்லது என்று வள்ளுவர் வரிசைப்படுத்துகிறார். அடுத்த குறளிலேயே, உரியவன் போய்ப் பார்க்காத நிலம் மனைவியைப் போல ஊடிக்கொள்ளும் என்கிறார். வலியசாலையில் இருந்துகொண்டு தினமும் போய்ப் பார்க்க முடியாது. ஆண்டுக்கு மூன்று லீவு உண்டு. அடுத்த லீவுக்கு ஊருக்கு டிக்கெட் எடுப்பவர்கள், போன அன்றே காட்டுக்குப் போய் ஒரு பிடி மண்ணை அள்ளிப் பார்க்கட்டும். பிறகு குப்பைக்குழி எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கட்டும். ஐப்பசியில் வரப்போகும் போனுக்கு என்ன பதில் சொல்வது என்பது அங்கேயே விளங்கிவிடும்.